வேரில் இட்ட பசை பல்லைத் தாங்குமா?

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து ஒன்பதாம் நாள். விழாவுக்கென்று வீட்டிலே சுட்ட முந்திரிக்கொத்தில் நாலைந்து, டப்பாவின் அடியில் எஞ்சிக் கிடந்தன. முந்திரிக்கொத்தைப் பற்றிக் குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. முதல் நாள் அது பலகாரம். பத்தாம் நாள் கூழாங்கல். மாலைத் தேநீரோடு அதில் ஒன்றைக் கடித்தேன். 'டக்'கென்று ஓர் ஓசை. கொத்துதான் உடைந்தது என்று எண்ணினேன். நாவால் துழாவியபோதுதான், உடைந்தது இடப்பக்கத்துக் கீழ்க்கடைவாய்ப் பல் என்பது தெரிந்தது.

வலி சிறிதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பல்லுக்கு வேர்சிகிச்சை செய்து, உள்ளிருந்த நரம்பை அகற்றி, மருந்திட்டு அடைத்திருந்தார்கள். "இரண்டு வாரங்களில் வந்து பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்" என்று அப்போதே சொல்லியும் அனுப்பினார்கள். வலி நின்றுவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணம், ஐப்பசி மழையில் ஒழுகிய கூரை என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வலிக்காத பல்லுக்கு எதற்குப் பணம் என்று தொப்பியைத் தள்ளிப்போட்டேன். நம் குடும்பங்களில் பலரும் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பல் மருத்துவரிடம் சென்றேன். என் மகள் வயதிருக்கும் இளம் டாக்டரம்மா. பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். "ஐயா, தொப்பி போட்டுக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார். நானும் என் பக்கத்து வழக்கை எடுத்துரைத்தேன். "உள்ளே நல்ல பசை வைத்து இறுக அடைத்ததாகச் சொன்னார்களே, டாக்டரம்மா! அந்தப் பசை பல்லைப் பிடித்துக்கொண்டிராதா?"

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கேள்வியைத்தான் ஐயா, எங்கள் துறையில் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டு, பல்லை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பல்லின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே நாம் காணும் வெண்மையான கடினப் பூச்சு எனாமல். அதனுள்ளே, பல்லின் பெரும்பகுதியாக இருப்பது டென்டின் எனும் திசு. எலும்பைப் போன்றது, சிறிது வளைந்து கொடுக்கவும் வல்லது. நடுவே ஒரு குழி. அக்குழியிலிருந்து வேர் நுனி வரை மெல்லிய குழாய்கள். அவற்றுள் நரம்பும் இரத்தக் குழாயும் கலந்த பற்கூழ் நிறைந்துள்ளது. சொத்தை இக்கூழைத் தொட்டுவிட்டால் இரவெல்லாம் உறக்கமில்லை. அந்நிலையில் கூழை முழுவதும் அகற்றி, குழாய்களைச் சுரண்டி அகலப்படுத்தி, கிருமிநாசினியால் கழுவி, மீண்டும் கிருமி புகாதவாறு அடைத்துவிடுவதே வேர்சிகிச்சை.

அடைப்பதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, குச்சி வடிவில் வரும் கட்டாபெர்ச்சா. மற்றொன்று, அக்குச்சிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே எஞ்சும் இடுக்குகளை நிரப்பும் பசை. இதை மருத்துவர்கள் 'சீலர்' என்பர். இவ்விரண்டிற்கும் நம் குமரி மண்ணோடு உறவு உண்டு.

கட்டாபெர்ச்சா மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1840களில் சிங்கப்பூரிலிருந்த வில்லியம் மான்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அங்குள்ளோர் வெட்டுக்கத்திக்கு இப்பாலை உறைய வைத்துக் கைப்பிடி செய்வதைக் கண்டு மேனாட்டாருக்கு அறிவித்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இது பயன்பட்டது. அதன்பொருட்டு இலட்சக்கணக்கான மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. பல்லின் வேர்க்குழாயை இதனால் அடைக்கும் முறை 1860களில் அமெரிக்காவில் தோன்றியது. குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் நாம் வெட்டி எடுக்கும் ரப்பர் பாலும், இந்தக் கட்டாபெர்ச்சாவும் வேதியியல்படி உடன்பிறப்புகள். இரண்டும் ஒரே மூலக்கூறுக் கண்ணிகளால் கோத்த சங்கிலிகள். கண்ணிகள் கோக்கப்பட்ட பக்கம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ரப்பர் இழுத்தால் நீள்கிறது. கட்டாபெர்ச்சா குளிர்ந்த நிலையில் விறைத்து நிற்கிறது, சூடேற்றினால் இளகுகிறது. இன்று மருத்துவர் கையாளும் குச்சியில் உண்மையான கட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்கே. பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு தூள்தான். இக்குச்சிக்கு ஒரு குறை உண்டு. அது பல்லோடு ஒட்டாது. ஆகவேதான் பசை தேவைப்படுகிறது.

பசையின் கதை கிராம்பிலிருந்து தொடங்குகிறது. மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் நம் கிராம்பைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? 2021ஆம் ஆண்டில் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரியாத அந்தப் பூமொட்டிலிருந்து வடிக்கும் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். பல்வலி கண்ட நேரத்தில் நம் பாட்டிமார் பஞ்சில் நனைத்துச் சொத்தையில் வைத்தார்களே, அந்தத் தைலத்தின் மரப்பு இந்த யூஜினாலின் வேலை. (வலியைத்தான் அது மரக்கச் செய்யும்; சொத்தையை ஆற்றாது. இதை மறந்து ஆறு மாதம் கிராம்பிலேயே காலம் கடத்தியவர்கள் பல்லை இழந்ததை நான் கண்டிருக்கிறேன்.) யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடு தூளோடு குழைத்தால் சிறிது நேரத்தில் இறுகிவிடும். இந்தக் குழைவையே அடிப்படையாகக் கொண்டு 1931இல் அமெரிக்காவின் ரிக்கர்ட் ஒரு பசையை வெளியிட்டார். அதில் வெள்ளித்தூள் கலந்திருந்ததால் பல் கறுத்தது. வெள்ளி நீக்கிய பசையைப் பிலடெல்பியாவைச் சேர்ந்த பேராசிரியர் லூயி கிராஸ்மன் 1958இல் தந்தார். உலகெங்கும் பல தலைமுறைப் பற்கள் இவ்வகைப் பசைகளால் அடைக்கப்பட்டன, இன்றும் அடைக்கப்படுகின்றன.

இந்தப் பசை இடுக்கை அடைக்கும். கிருமியையும் ஓரளவு தடுக்கும். ஆனால் டென்டினோடு இறுகப் பிணையாது. சுவரில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஒட்டி நிற்குமேயன்றி, சுவரோடு சுவராக ஆகாது. எனவே, அடைப்பதோடு நில்லாமல் பல்லுக்கு வலுவும் ஊட்டும் பசை ஒன்று கிடைக்காதா என்ற ஆவல் பிறந்தது.

1950களில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஆந்திரே ஷ்ரோடர், எபாக்சி பிசினைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். உடைந்த பொருள்களை ஒட்ட நாம் இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையின் இனம் அது. ஏஹெச் 26 என்றும், பின்னர் திருத்தப்பட்டு ஏஹெச் பிளஸ் என்றும் பெயர் பெற்ற அப்பசை, டென்டினில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களுக்குள் வழிந்தோடிப் பற்றிக்கொள்ளும். புதிதாக வரும் பசைகளை இன்றும் இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் வந்திருப்பது கால்சியம் சிலிக்கேட் பசை. 1993ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பொருளின் வழிவந்தது இது. அந்த எம்.டி.ஏ.யின் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமென்டே என்றால் நம்புவீர்களா? கொத்தனாரின் சிமென்டைத் தூய்மைப்படுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும்படி மற்றொரு பொருளைச் சேர்த்தார்கள். சிமென்டைப் போலவே இதுவும் ஈரத்தால் இறுகுகிறது. பல்லின் நுண்குழல்களில் உள்ள ஈரமே இதற்குப் போதும். இறுகும்போது, பல்லிலும் எலும்பிலும் உள்ள தாதுவை ஒத்த படிவத்தைச் சுவரோரம் உண்டாக்குகிறது.

பசைகளின் வலுவை எவ்வாறு அளக்கிறார்கள்? பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் மேற்படிப்பு மாணவர்கள் செய்யும் சோதனை இது. நம் மாவட்டத்திலேயே, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில் மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி இருப்பதை வாசகர்கள் அறிவர். பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும்போது இளையோர் வாயிலிருந்து எடுக்கப்படும் நல்ல முன்கடைவாய்ப் பற்களைச் சேர்த்து வைப்பார்கள். மேற்பகுதியை அறுத்து நீக்கி, வேர்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவார்கள். சில வேர்களைத் தொடாமலே விட்டுவிடுவர். சிலவற்றைக் குடைந்து வெறுமனே விடுவர். மற்றவற்றைக் குடைந்து, தொகுதிக்கு ஒரு பசையாக அடைப்பர். பின்னர் ஒவ்வொரு வேரையும் அக்ரிலிக் கட்டியில் நட்டு, சோதனைப் பொறியின் எஃகு முனையை அதன்மேல் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போன்ற மெதுவான வேகத்தில் அழுத்துவார்கள். வேர் விரிசலிடும் கணத்தில் எத்தனை நியூட்டன் விசை என்பதைப் பொறி குறித்துக்கொள்ளும். நூறு நியூட்டன் என்பது ஏறத்தாழப் பத்துக் கிலோ எடையின் அழுத்தம்.

முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகின்றன. ஆயினும் பொதுவாக ஒரு வரிசை தென்படுகிறது. தொடாத வேர் மிகவும் தாங்குகிறது. குடைந்து அடைக்காமல் விட்ட வேர் எளிதில் உடைகிறது. எபாக்சியும் கால்சியம் சிலிக்கேட்டும் இட்ட வேர்கள் இரண்டுக்கும் நடுவே, பல ஆய்வுகளில் தொடாத வேரை நெருங்கியே நிற்கின்றன. கிராம்புத் தைலப் பசை இட்டவை பெரும்பாலும் அவற்றிற்குக் கீழே வருகின்றன.

ஆகவே, பசைக்கும் வலிமைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நானும் இந்த இடத்தை எட்டியதும், "பார்த்தீர்களா, என் பேச்சில் நியாயம் இருந்திருக்கிறதே!" என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

2004இல் அமெரிக்காவில் ஒரு செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. கட்டாபெர்ச்சாவையே விலக்கிவிட்டு, ரெசிலான் என்ற செயற்கைக் குச்சியையும் அதனோடு பிணையும் பிசின் பசையையும் சேர்த்து இட்டால், குச்சி, பசை, பல் மூன்றும் ஒரே கட்டியாகி வேர் வலுப்பெறும் என்றார்கள். அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு அடைத்த வேர்கள் கட்டாபெர்ச்சா இட்டவற்றைவிடக் கூடுதலான விசையைத் தாங்கின. மருத்துவர்கள் பலர் அதற்கு மாறினார்கள். ஆனால் 2006இல் அப்பொருளையே தனியே எடுத்து அளந்து பார்த்தபோது, கட்டாபெர்ச்சாவைப் போலவே அதுவும் மென்மையானதென்று தெரிந்தது. டென்டினின் விறைப்பு இவ்விரண்டையும்விட நூறு மடங்குக்கும் மேல். வாழைத்தண்டைத் தூணுக்குள் செருகினால் தூண் வலுக்குமா? போதாக்குறைக்கு, அக்குச்சியின் பொருள் காலப்போக்கில் சிதைவுறும் தன்மை உடையதாகவும் இருந்தது. ஆண்டுகள் செல்ல, அவ்வகையில் அடைத்த பற்களில் நோய் திரும்புவது மிகுதி என்று தெரியவந்தது. அது சந்தையிலிருந்தும் மறைந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை அழுத்தி உடைப்பதற்கும், வாய்க்குள் ஆண்டுக்கணக்கில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை மெல்லுவதற்கும் உள்ள இடைவெளி இதில் விளங்கும். பொறிக்கு எச்சில் இல்லை. சுடு தேநீரும் ஐஸ்கிரீமும் அடுத்தடுத்து அதற்குள் போவதில்லை.

பசையின் அளவையும் எண்ணிப் பாருங்கள். சீலர் படலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தடித்தல் ஆகாது என்பது உலகத் தர விதி. காகிதத்தைவிட மெல்லிய அப்படலம் எத்தனை நல்லதாயினும், சொத்தையில் கரைந்து போன சுவருக்கு ஈடாகுமா?

பல் எங்கே வலுவிழக்கிறது என்பதை 1989இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் அளந்து காட்டினார்கள். வேர்சிகிச்சைக்காகத் துளையிட்டுக் குடைந்ததால் மட்டும் பல்லின் விறைப்பு 5 விழுக்காடே குறைந்தது. ஆனால் மெல்லும் பரப்போடு இரு பக்கத்து ஓரச் சுவர்களையும் நீக்கிப் பெரிய பள்ளமாக வெட்டியபோது குறைந்தது 63 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் எழுதியே கொடுத்தார். அதை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். என் பல்லில் சொத்தை இரு பக்கத்து ஓரச் சுவர்களையும் முன்பே தின்றிருந்தது.

உயிர் போன பல் காய்ந்த விறகாய் நொறுங்கிவிடும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. மருத்துவர்களும் நெடுநாள் அவ்வாறே நம்பினர். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் வாயிலேயே வேர்சிகிச்சை கண்ட பல்லையும் அதற்கு எதிர்ப்பக்கத்து உயிருள்ள பல்லையும் சோடி சோடியாக ஒப்பிட்டனர். டென்டினின் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பல் உடைவது அது காய்ந்ததால் அன்று, குறைந்ததால். இதோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். உயிருள்ள பல் கடுமையானதைக் கடிக்கும்போது விரைவில் கூசி எச்சரிக்கும். நாமும் தாடையைத் தளர்த்திவிடுவோம். நரம்பு நீங்கிய பல் அவ்வளவு விரைவாக எச்சரிப்பதில்லை. முந்திரிக்கொத்தின் முன் என் பல் வாய்பேசாமல் நின்றதன் காரணம் அதுவே.

சிகிச்சையின்போது நடைபெறும் சிலவும் வேரைத் தளர்த்தலாம். தேவைக்கு மேல் குடைவது ஒன்று. கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டு, நெடுநேரம் செறிவாக நின்றால் டென்டினையும் சிறிது மெலிவிக்கும். குச்சிகளை இறுக்க உட்செலுத்தும் எஃகுக் கருவியை அளவுக்கு மீறி அழுத்தினால் வேரில் நுண்விரிசல் தோன்றக்கூடும். கால்சியம் சிலிக்கேட் பசையைக் கையாளும்போது ஒரே குச்சியோடு நிறுத்தி, இந்த அழுத்தத்தைப் பெருமளவு தவிர்க்க முடிகிறது. இவ்வகையில் அப்பசை வேருக்குச் செய்யும் நன்மை, தன் சொந்த வலுவால் செய்வதைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். அதற்கும் ஒரு தொல்லை உண்டு: பின்னொரு நாள் மீண்டும் சிகிச்சை செய்ய நேர்ந்தால், இறுகிய அச்சிமென்டை எடுப்பது கடினம்.

அவ்வாறாயின் சீலர் எதற்கு? அடைப்பதற்கு. அந்த வேலையை அது செவ்வனே செய்தால்தான் வேர் நுனியில் சீழ் திரும்பாது. கடிக்கும் சுமையைத் தாங்குவது எஞ்சிய பல்லும் அதன்மேல் கவிழ்க்கும் தொப்பியுமே. பானை வாயைச் சுற்றிப் பிடிக்கும் இரும்பு வளையம்போல், பல்லின் நாற்புறமும் அணைத்து, மேல்முனைகள் விரிந்து பிளக்காதபடி அது காக்கிறது. வளையம் பிடிப்பதற்கு ஈறுக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் சுற்றிலும் எஞ்சியிருத்தல் வேண்டும். 2002இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, வேர்சிகிச்சைக்குப் பின் தொப்பி போடாத பற்கள், போட்டவற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. காலத் தாழ்வும் கேடுதான். 2016இல் வெளியான எட்டாண்டுக் கால ஆய்வொன்றில், நான்கு மாதங்களுக்குப் பின்னர் தொப்பி போட்ட பற்கள் பிடுங்கப்பட நேர்ந்தது, நான்கு மாதங்களுக்குள் போட்டவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. முன்பற்களுக்கு, சேதம் சிறிதாயின் தொப்பி வேண்டாமலும் போகலாம். கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் வேண்டும்.

வேர்சிகிச்சைக்குச் செல்லும் வாசகர்கள் பசையின் பெயரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குமுன் கேட்கவேண்டியவை வேறு. சுவர்கள் எத்தனை எஞ்சியுள்ளன? தொப்பி தாங்குமா? எப்போது போடவேண்டும்? மொத்தச் செலவு, தொப்பியையும் சேர்த்து, எவ்வளவு? கடைசிக் கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருந்தால், பணத்தைப் பிரித்து வைத்திருப்பேன். பாதிச் சிகிச்சைக்குப் பணம் கட்டி, பல்லையும் இழப்பதைவிட அது சிக்கனம்.

என் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. பிளவு வேர் வரை இறங்கியிருந்தது. எடுத்தபின் டாக்டரம்மா அதைக் கழுவிக் காட்டினார். நடுவில் நேராகப் பிளந்த இரண்டு பாதிகள். ஒரு பாதியில் வேர் நுனி வரை இளஞ்சிவப்பு நூலாகக் கட்டாபெர்ச்சா. அதைச் சுற்றி வெண்பசை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அது சுவரைவிட்டு மயிரிழையும் விலகியிருக்கவில்லை.

"இதை நான் எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?" என்று கேட்டார். தாம் படித்த கல்லூரிக்குப் பற்கள் தேவைப்படுவதாகச் சொன்னார். "உடைந்ததை வைத்து என்ன செய்வார்கள்?" என்றேன். "பொறியில் வைக்க ஆகாது. மாணவர்களுக்குக் காட்டுவார்கள்" என்று சொல்லி, உப்புநீர் ஊற்றிய சிறு புட்டியில் இரு பாதிகளையும் இட்டு மூடினார்.